காவல் கப்பல்களுக்குக் கோட்டூர்புரத்தில் ஓர் இடம்

‘மெட்ராஸ்’ என்ற பெயரில் ஒரு போர்க்கப்பல் இருந்தது. பசிபிக் கரையில், சிட்னித் துறைமுகத்தில் இருக்கும் காக்கட்டூ தீவின் கப்பல் தளத்தில் அதைக் கட்டினார்கள். சிங்கப்பூர் ஜப்பானியர் கையில் விழுந்த 1942 பிப்ரவரியில் அது நீரில் இறங்கியது. அடுத்த இரண்டு மாதத்துக்குள் சென்னை நகரம் பாதி காலியாகிவிட்டது. நகரத்தின் பெயரைத் தாங்கிய கப்பல் போருக்குத் தயாரான நேரத்தில், நகரத்து மக்கள் மூட்டை முடிச்சுகளோடு எழும்பூரிலும் சென்ட்ரலிலும் ரயிலுக்குக் காத்துக்கிடந்தார்கள்.

1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டு எரித்த ஜெர்மன் கப்பல் எம்டனை இன்றைக்கும் ஊரில் எல்லோருக்கும் தெரியும். உயர் நீதிமன்ற மதிலில் அந்தத் தாக்குதலுக்கு ஒரு கல்வெட்டு இருக்கிறது. ஊரைத் தாக்கிய கப்பலுக்குக் கிடைத்த நினைவு, ஊரின் பெயரோடு கடலில் ஓடிய கப்பலுக்குக் கிடைக்கவில்லை. அதோடு சேர்ந்து ஓடிய மற்ற இந்தியக் காவல் கப்பல்களுக்கும், அவற்றில் வேலை பார்த்த தமிழ் மாலுமிகளுக்கும் கிடைக்கவில்லை. இந்தக் குறையைத் தீர்க்கக் காலம் அதிகம் மிச்சமில்லை. அதற்கு ஏற்ற இடம் மட்டும் சென்னையில் தயாராக இருக்கிறது: கோட்டூர்புரத்தில், அண்ணா நூற்றாண்டு நூலகம்.

காவல் கப்பலின் வேலை வெளியே தெரியாத வேலை. மயிலாப்பூர் தேரோட்டத்தில் எல்லோர் கண்ணும் சாமி மேல் இருக்கும். சக்கரத்துக்குக் கட்டை போடுகிறவரை யாரும் பார்ப்பதில்லை. எண்ணெயும் அரிசியும் சிப்பாய்களும் ஏற்றிய வணிகக் கப்பல்கள் பத்து, இருபது சேர்ந்து ‘கான்வாய்’ ஆகப் போகும். அவற்றைச் சுற்றிலும் இரண்டோ மூன்றோ சிறிய போர்க்கப்பல்கள் ஓடிக்கொண்டே இருக்கும். நீருக்குள் ஒலியை அனுப்பி, அது எதில் மோதித் திரும்புகிறது என்று காதில் கருவியை மாட்டிக்கொண்டு ஒரு மாலுமி கேட்டுக்கொண்டே இருப்பார். அவருடைய முறை முடிந்தால் இன்னொருவர் உட்காருவார். பெரும்பாலான நாட்களில் ஒன்றுமே நடக்காது. ஒன்றும் நடக்காமல் கான்வாய் துறைமுகம் சேர்ந்தால் அதுதான் வெற்றி. அந்த வெற்றிக்குத் தலைப்புச் செய்தி கிடையாது, பதக்கமும் கிடையாது.

‘மெட்ராஸ்’ அப்படிப்பட்ட கப்பல்தான். சுமார் 56 மீட்டர் நீளம், 650 டன் எடை, மணிக்கு 15 கடல் மைல் வேகம். கண்ணிவெடிகளை அகற்றுவதற்கென்று வடிவமைத்து, கான்வாய்களைக் காக்கவும் பயன்படுத்திய ‘பாதர்ஸ்ட்’ வகுப்புக் கப்பல்கள் 60-ஐ ஆஸ்திரேலியா போர்க்காலத்தில் கட்டியது. அவற்றில் நான்கு அன்றைய இந்தியக் கடற்படைக்கு வந்தன: மெட்ராஸ், பம்பாய், பெங்கால், பஞ்சாப். 1942 மே 31 இரவு ஜப்பானின் குட்டி நீர்மூழ்கிகள் சிட்னித் துறைமுகத்துக்குள் புகுந்து ‘குட்டபுல்’ என்ற தங்குமிடக் கப்பலை மூழ்கடித்து 21 மாலுமிகளைக் கொன்றபோது, அந்தத் துறைமுகத்தில் நின்ற போர்க்கப்பல்களில் ‘பம்பாய்’ ஒன்று. இந்திய மாலுமிகள் பசிபிக் போரைக் கண்ணால் பார்த்த இரவு அது.

நான்கில் பெயர் பெற்றது ‘பெங்கால்’. 1942 நவம்பர் 5 அன்று அது ஆஸ்திரேலியாவின் ஃப்ரீமான்டில் துறைமுகத்தை விட்டு டியேகோ கார்சியா நோக்கிப் புறப்பட்டது. கூடவே ‘ஓன்டினா’ என்ற டச்சு எண்ணெய்க் கப்பல். ஆறு நாள் கழித்து, நவம்பர் 11 நண்பகலை ஒட்டி, கோகோஸ் தீவுகளுக்குத் தென்மேற்கே, எதிரே இரண்டு பெரிய கப்பல்கள் தெரிந்தன. ‘ஹோகோகு மாரு’, ‘அய்கோகு மாரு’ என்ற அந்த இரண்டும் பயணிகள் கப்பல் போலத் தோன்றினாலும் போருக்காக மாற்றப்பட்டவை. ஒவ்வொன்றும் 10,000 டன்னுக்கு மேல். ஏறத்தாழ ஆறு அங்குல வாய் கொண்ட பீரங்கிகள், டார்பிடோக்கள், கடல் விமானங்கள் எல்லாம் அவற்றில் இருந்தன. ‘பெங்கா’லிடம் இருந்த பெரிய ஆயுதம் ஒரே ஒரு மூன்று அங்குல பீரங்கி.

28 ஆண்டுகளுக்கு முன் அதே நவம்பரில் எம்டனின் கதை முடிந்ததும் இந்தக் கோகோஸ் தீவுகளில்தான்.

‘பெங்கா’லின் தலைவர் லெப்டினன்ட் கமாண்டர் வில்லியம் வில்சன், எண்ணெய்க் கப்பலைத் தப்பி ஓடச் சொல்லிவிட்டு, தன் கப்பலை எதிரியை நோக்கி நேராகத் திருப்பினார். 650 டன் கப்பல் 20,000 டன்னை எதிர்த்து ஓடியது. ஓன்டினாவும் உடனே ஓடிவிடவில்லை. அதன் பின்தளத்தில் இருந்த ஒற்றை நான்கு அங்குல பீரங்கியை, கையில் இருந்த முப்பத்துச் சொச்சம் குண்டுகளோடு அதுவும் இயக்கியது. சற்று நேரத்தில் ஹோகோகு மாருவின் பின்பகுதியில் குண்டு விழுந்து தீ பிடித்தது. தீ வெடிமருந்துக் கிடங்கை எட்ட, அந்தப் பெருங்கப்பல் வெடித்து மூழ்கியது. சுட்டது எந்தக் கப்பலின் குண்டு என்பதில் இரண்டு தரப்பும் நீண்ட காலம் வாதிட்டன. பீரங்கியின் அளவை வைத்துப் பார்த்தால் ஓன்டினாவின் குண்டு என்பதற்கே வாய்ப்பு அதிகம். அதனால் ‘பெங்கா’லின் பெருமை குறையாது. எதிரியின் கவனத்தையும் குண்டுகளையும் தன் பக்கம் இழுத்துக்கொள்வதுதான் காவல் கப்பலின் கடமை. அதை அது செய்தது.

குண்டுகள் தீர்ந்துபோகும் நிலையில், சேதத்தோடு ‘பெங்கால்’ விலகிச் சென்றது. ஓன்டினா மூழ்கிவிட்டது என்றே அதில் இருந்தவர்கள் நினைத்தார்கள். ஓன்டினாவின் தலைவர் ஹோர்ஸ்மன் குண்டுபட்டு இறந்திருந்தார். கப்பலை டார்பிடோவும் தாக்கியிருந்தது. உயிர்காக்கும் படகுகளில் இறங்கியவர்களை ஜப்பானியர் இயந்திரத் துப்பாக்கியால் சுட்டார்கள். எதிரி போன பிறகு, மிஞ்சியவர்கள் கப்பலில் மறுபடி ஏறித் தீயை அணைத்து, இயந்திரத்தைச் சரிசெய்து, நவம்பர் 18 அன்று ஃப்ரீமான்டிலுக்கே திரும்பிச் சேர்ந்தார்கள். ‘பெங்கால்’ டியேகோ கார்சியாவை அடைந்தது. அந்தச் சண்டையில் ‘பெங்கா’லில் ஓர் உயிர்கூடப் போகவில்லை என்பதை இன்று படிக்கும்போதும் நம்பக் கடினமாக இருக்கிறது.

‘பெங்கால்’ பற்றி ஆங்கிலத்தில் சில பக்கங்களாவது கிடைக்கும். ‘ஜம்னா’வின் கதை அந்த அளவுக்குக்கூட ஊருக்குத் தெரியாது.

யமுனை நதியின் பெயர் கொண்ட ஜம்னா, ஸ்காட்லாந்தில் கட்டப்பட்ட ‘ஸ்லூப்’ வகைக் காவல் கப்பல். விமானங்களைச் சுடவும் ஏற்ற ஆறு நான்கு அங்குல பீரங்கிகள் அதில் இருந்தன. 1942-இன் முதல் மாதங்களில் ஜப்பானியப் படை மலாயா, சுமத்ரா, ஜாவா என்று இறங்கிக்கொண்டே வந்தபோது, சிங்கப்பூருக்குப் படைகளைக் கொண்டுபோகவும், பிறகு அங்கிருந்து மனிதர்களை மீட்டு வரவும் ஓயாமல் கான்வாய்கள் ஓடின. அந்தப் பாதையில் ஜம்னாவும் ‘சட்லெஜ்’ என்ற இன்னொரு இந்தியக் காவல் கப்பலும் ஓடின. பிப்ரவரி 5 அன்று சிங்கப்பூர் வாசலில் ‘எம்பிரஸ் ஆஃப் ஏசியா’ என்ற படைக்கப்பல் ஜப்பானிய விமானங்களால் தீப்பற்றி எரிந்தபோது, அந்தக் கான்வாயைக் காத்துவந்த கப்பல்களில் சட்லெஜ் ஒன்று. எரியும் கப்பலை ஒட்டி நின்று 1,804 பேரை மீட்டது ‘யாரா’ என்ற ஆஸ்திரேலியக் காவல் கப்பல்.

அந்த யாராவும் ஜம்னாவும் பிப்ரவரி இறுதியில் ஜாவாவிலிருந்து சேர்ந்தே புறப்பட்டன. சுந்தா நீரிணை வழியாக ஒரு கான்வாயை அந்தத் தீவின் தென்கரைக்குக் கொண்டுவந்தன. சேர வேண்டிய சிலாச்சாப் துறைமுகம் அதற்குள் பாதுகாப்பற்றதாகிவிட்டது. மார்ச் 2 அன்று கட்டளை வந்தது: ஜம்னா கொழும்புக்குப் போக வேண்டும், யாரா மூன்று கப்பல்களைக் காத்துக்கொண்டு ஃப்ரீமான்டிலுக்குப் போக வேண்டும். இரண்டு நாள் கழித்து, மார்ச் 4 காலை, மூன்று ஜப்பானியக் கனரகக் குரூசர்களும் இரண்டு நாசகாரிக் கப்பல்களும் யாராவைப் பிடித்தன. அது கான்வாய்க்கும் எதிரிக்கும் நடுவே நின்று சுட்டுக்கொண்டே மூழ்கியது. 151 பேரில் 13 பேர் பிழைத்தார்கள். கட்டளை மாறி வந்திருந்தால் அந்த முடிவு ஜம்னாவுக்கு வந்திருக்கும். ஜம்னா கொழும்பு வந்து சேர்ந்தது. சிசிலியில் நேச நாட்டுப் படைகள் இறங்கிய 1943 ஜூலையில் அங்கேயும் போய் நின்றது. திரும்ப வங்கக் கடலுக்கு வந்தது.

வங்கக் கடலில் காவல் கப்பல் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பது 1942 ஏப்ரலில் தெரிந்துவிட்டது. ஜப்பானிய அட்மிரல் ஒசாவாவின் படை ஒரிசா, ஆந்திரக் கரையோரம் சில நாட்களில் ஏறத்தாழ 20 வணிகக் கப்பல்களை மூழ்கடித்தது. கல்கத்தாவிலிருந்து சிதறி ஓடிவந்த அந்தக் கப்பல்களுக்குத் துணையாக ஒரு போர்க்கப்பல்கூட இல்லை. அதே நாட்களில் கொழும்பிலும் திருகோணமலையிலும் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டுகள் விழுந்தன. ஆளுநர் ஆர்தர் ஹோப்பின் அரசு சென்னையைக் காலி செய்யச் சொன்னது. அலுவலகங்கள் உள்நாட்டு ஊர்களுக்கு மாறின. உயிரியல் பூங்காவின் சிங்கம், புலிகளைச் சுட்டுக் கொன்றார்கள். தாத்தா பாட்டி சொன்ன ‘இவாக்வேஷன்’ கதைகள் தென் சென்னைக் குடும்பங்களில் இன்றும் புழங்குகின்றன. ஆனால் அந்தக் கதைகள் கடற்கரையோடு நின்றுவிடுகின்றன. கரையைத் தாண்டி, கடலில் யார் காவல் நின்றார்கள் என்ற கேள்வி எழுவதே இல்லை.

பதில் ஜம்னாவிடம் இருக்கிறது. 1944 பிப்ரவரி 11 அன்று கொழும்பிலிருந்து கல்கத்தா போய்க்கொண்டிருந்த ஜே.சி. 36 என்ற கான்வாய், விசாகப்பட்டினத்துக்கு அருகே வந்துகொண்டிருந்தது. இந்தப் பாதையில் போகும் கான்வாய் தமிழகக் கரையைக் கடந்துதான் வடக்கே போக வேண்டும். ‘ஆர்.ஓ. 110’ என்ற ஜப்பானிய நீர்மூழ்கி அதில் இருந்த ‘ஆஸ்ஃபாலியன்’ என்ற சரக்குக் கப்பலை டார்பிடோவால் தாக்கியது. ஜம்னாவும் லான்செஸ்டன், இப்ஸ்விச் என்ற இரண்டு ஆஸ்திரேலியக் கப்பல்களும் உடனே தேடலில் இறங்கின.

அந்தத் தேடலின் கடினம் இன்று கணினித் திரைகளைப் பார்த்துப் பழகியவர்களுக்கு எளிதில் புரியாது. நதிகள் கொண்டுவந்து கொட்டும் நன்னீர் வங்கக் கடலின் மேற்பரப்பில் உப்பு நீரின் மேல் தனி அடுக்காகப் படர்கிறது. வெயிலில் மேல்நீர் சூடாக, அடிநீர் குளிர்ந்தே இருக்கிறது. இந்த அடுக்குகளைக் கடக்கும்போது ஒலி வளைகிறது. நீர்மூழ்கி ஒளிந்துகொள்ளத் தோதான கடல் இது. கேட்கும் எதிரொலி நீர்மூழ்கியா, மீன் கூட்டமா என்று பிரித்தறிவது ஒரு மாலுமியின் காது. அந்தக் காதை நம்பி, நூறு கிலோவுக்கு மேல் வெடிமருந்து அடைத்த உருளைகளைக் குறித்த ஆழத்தில் வெடிக்கும்படி கடலில் தள்ளினார்கள். எண்ணெய் மிதந்து வந்தது. ஆர்.ஓ. 110-இல் இருந்த எவரும் தப்பவில்லை. ஆஸ்ஃபாலியன் மூழ்காமல் காப்பாற்றப்பட்டது. அதே ஆண்டு ஆகஸ்டில், செஷல்ஸ் தீவுகளுக்கு அருகே ‘கோதாவரி’ என்ற இன்னொரு இந்தியக் காவல் கப்பலும் பிரிட்டனின் ‘ஃபின்ட்ஹார்ன்’ கப்பலும் சேர்ந்து யு-198 என்ற ஜெர்மன் நீர்மூழ்கியை மூழ்கடித்தன. ‘காவிரி’ என்ற பெயரிலும் ஒரு கப்பல் 1943 முதல் அதே வேலையில் இருந்தது.

இந்தக் கப்பல்களில் யார் இருந்தார்கள்? போர் தொடங்கியபோது இந்தியக் கடற்படையில் சுமார் 2,000 பேர்தான். பெரும்பாலோர் பஞ்சாபிலிருந்தும் கொங்கணக் கரையிலிருந்தும் வந்தவர்கள். போர் முடியும்போது அந்த எண்ணிக்கை 30,000-ஐ நெருங்கியது. சிக்னல், வயர்லெஸ், ரேடார், மின் வேலைகளுக்குப் பள்ளிப் படிப்பு முடித்த இளைஞர்கள் தேவைப்பட்டார்கள். சென்னை மாகாணத்திலிருந்து நிறையப் பேர் சேர்ந்தது அப்போதுதான். கடலையே பார்த்திராத ஊர்ப் பையன்களும் அதில் உண்டு. சென்னையில் கடற்படை ஒரு கரைத் தளம் வைத்து அதற்கு ‘அடையாறு’ என்று பெயரிட்டது, இன்றும் ஐ.என்.எஸ். அடையாறு என்ற தளம் நகரில் இருக்கிறது. கோட்டூர்புரத்தைச் சுற்றி வளைந்து ஓடும் ஆற்றின் பெயர்தான்.

அந்தப் பையன்கள் பட்ட அவமானத்தையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஒரே கப்பலில் ஒரே ஆபத்தில் இருந்தும் வெள்ளையருக்கு ஒரு சம்பளம், இந்தியருக்கு ஒரு சம்பளம். மோசமான சாப்பாடு, இனவசை, போர் முடிந்ததும் வேலை என்னவாகும் என்ற கவலை. 1946 பிப்ரவரி 18 அன்று பம்பாயில் ‘தல்வார்’ என்ற தகவல் தொடர்புப் பயிற்சித் தளத்தில் வெடித்த வேலைநிறுத்தம் சில நாட்களில் பம்பாய், கராச்சி, கல்கத்தா, சென்னை, கொச்சி, விசாகப்பட்டினம் என்று பரவியது. ஏறத்தாழ 20,000 மாலுமிகள் கலந்துகொண்டார்கள். கராச்சியில் பிரிட்டிஷ் படையோடு பீரங்கிச் சண்டை போட்ட ‘ஹிந்துஸ்தான்’ கப்பலும் போரில் கான்வாய் காத்த கப்பல்தான். ஜப்பானை எதிர்த்துக் காவல் நின்றவர்களே ஆறே மாதத்தில் பேரரசை எதிர்த்துக் கொடியேற்றினார்கள்.

இவர்கள் மறக்கப்பட்டதற்குக் காரணமும் இந்த இரட்டை வாழ்க்கையில்தான் இருக்கிறது. பேரரசின் கொடியின் கீழ் போரிட்டவர்கள் என்பதால் விடுதலை வரலாறு அவர்களை முழுதாக ஏற்கவில்லை. கலகம் செய்தவர்கள் என்பதால் கடற்படையின் அதிகாரபூர்வ நினைவும் நீண்ட காலம் அவர்களிடமிருந்து ஒதுங்கியே நின்றது. கடற்படை எழுச்சிக்கு மும்பை கொலாபாவில் ஒரு நினைவுச் சின்னம் பிறகு வந்தது. அதற்கு முந்தைய ஆறு ஆண்டுகளின் கடல் உழைப்பு இன்னும் வெளியேதான் நிற்கிறது.

பேரரசுக்காகப் போரிட்டவர்களுக்கு எதற்கு நினைவு என்று கேட்பவர்கள் உண்டு. நேதாஜியின் படையில் சேர்ந்த ஆயிரமாயிரம் மலாயாத் தமிழர்களைப் பெருமையோடு நினைக்கும் மண் இது, கேள்வி நியாயமானதுதான். அந்தப் பக்கம் சேர்ந்து, ஜப்பானிய நீர்மூழ்கியில் வந்து மலபார் கரையில் இறங்கிய வக்கம் காதர் 1943 செப்டம்பர் 10 அன்று சென்னைச் சிறையில் தூக்கிலிடப்பட்டார். அதே கடலில், அதே ஆண்டில், அத்தகைய நீர்மூழ்கிகளைத் தேடிக்கொண்டிருந்தவர்களும் இந்தியர்களே. இரண்டு பக்கத்திலும் இருந்தவர்கள் இருபது வயதுப் பிள்ளைகள். ஒருவரை நினைக்க இன்னொருவரை மறக்கத் தேவையில்லை. அதோடு, கான்வாயில் வந்தவை வெறும் பீரங்கிகள் மட்டும் அல்ல. பர்மா அரிசி நின்றுபோய், 1943-இல் வங்காளத்தில் லட்சக்கணக்கானோர் பசியால் மாண்ட காலம் அது. கப்பல் பாதை திறந்திருப்பது அன்று சோற்றுப் பிரச்சினையும்கூட.

மற்ற நாடுகள் தங்கள் காவல் கப்பல்களை எப்படி நினைக்கின்றன என்று பார்த்தால் ஏக்கமே வருகிறது. 1944 அக்டோபர் 25 அன்று பிலிப்பைன்ஸின் சமார் தீவருகே, ஜப்பானின் பெரும் போர்க்கப்பல்களை எதிர்த்து ஓடிய ‘சாமுவேல் பி. ராபர்ட்ஸ்’ என்ற அமெரிக்கக் காவல் கப்பல், பணியில் சேர்ந்து ஆறு மாதம்கூட முழுதாக முடியாத கப்பல். அதில் 90 பேர் இறந்தார்கள். பிழைத்தவர்கள் இரண்டு நாளுக்கு மேல் நீரில் மிதந்தார்கள். அந்த மாலுமிகள் சங்கம் வைத்துக் கூடினார்கள், எழுதினார்கள், பேட்டி கொடுத்தார்கள். 2022 ஜூனில் அதன் உடைந்த உடல் சுமார் 6,900 மீட்டர் ஆழத்தில் கண்டுபிடிக்கப்பட்டபோது உலகமே செய்தி வெளியிட்டது. ‘ஸ்லேட்டர்’ என்ற காவல் கப்பலை அமெரிக்கர்கள் நியூயார்க் மாநிலத்தின் ஆல்பனியில் அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள். ‘மேசன்’ என்ற கப்பலில் பெரும்பாலும் கறுப்பின மாலுமிகள்; 1944 புயலில் கான்வாயைக் கரைசேர்த்த அவர்களுக்கு உரிய பாராட்டுக் கடிதத்தை அமெரிக்கக் கடற்படை 1995-இல்தான் தந்தது. அரை நூற்றாண்டு தாமதம் என்றாலும் தந்தது. ஜம்னாவோடு பிரிந்துபோன யாராவுக்கு ஆஸ்திரேலியா 2014-இல் வீரப் பாராட்டு வழங்கியது. பாதர்ஸ்ட் வகுப்பில் ‘காசில்மெய்ன்’ மெல்பர்னிலும், ‘வயல்லா’ அதே பெயருள்ள நகரத்திலும் காட்சிக்கு நிற்கின்றன. ‘மெட்ராஸ்’ கப்பலின் உடன்பிறப்பு எப்படி இருக்கும் என்று பார்க்க விரும்பும் சென்னைக்காரர் ஆஸ்திரேலியாவுக்குத்தான் விமானம் ஏற வேண்டும்.

சென்னையில் ஒரு கப்பலைக் கொண்டுவந்து நிறுத்துங்கள் என்று கேட்பது இப்போது நடக்கக்கூடியதல்ல. ‘வாக்லி’ நீர்மூழ்கியை மாமல்லபுரத்தில் காட்சியகமாக்கும் திட்டமே நிறைவேறவில்லை. 1971 போரின் நாயகனான பழைய விக்ராந்தையே காப்பாற்ற முடியாமல் உடைத்தாயிற்று. இரும்பைப் பராமரிக்கப் பெரும் பணமும் விடாத அக்கறையும் வேண்டும். காகிதத்தையும் குரலையும் காப்பாற்ற அவ்வளவு வேண்டாம்.

அதனால்தான் கோட்டூர்புரம். 2010-இல் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் இடம் இருக்கிறது. போட்டித் தேர்வுக்குப் படிக்கும் இளைஞர்கள் காலையிலிருந்தே வந்து நிறைகிறார்கள். குழந்தைகளுக்குத் தனிப் பகுதி இருக்கிறது. பக்கத்தில் ஐ.ஐ.டி.யின் கடல் பொறியியல் துறை. கொஞ்சம் தள்ளித் தரமணியில், பழைய அச்சையும் படத்தையும் பாதுகாப்பதில் நீண்ட அனுபவம் கொண்ட ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். போர்க்கால அரசு ஆணைகள் எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில். இவ்வளவும் ஒரு மணி நேரப் பயணத்துக்குள் இருக்கும் நகரத்தில், இந்தியக் கடற்படையின் போர்க்காலத்துக்கென்று தமிழில் ஒரு தொகுப்புக்கூட இல்லாமல் இருப்பது சரியல்ல. பள்ளிக் கல்வித் துறையின் கீழ் வரும் பொது நூலக இயக்ககம் நினைத்தால் இதை அடுத்த கல்வியாண்டிலேயே தொடங்கலாம்.

முதல் வேலை, குடும்பங்களிடம் இருப்பதைப் படியெடுப்பது. 1943-இல் 18 வயதில் சேர்ந்தவர் இன்று இருந்தால் நூறைத் தாண்டியிருப்பார். அவர்கள் சொல்லக் கேட்டு வளர்ந்த மகன், மகள்களுக்கே எழுபது, எண்பது வயது. டிரங்குப் பெட்டிகளில் பணிச்சான்றுப் புத்தகம், குழுப்படம், பர்மா ஸ்டார், பசிபிக் ஸ்டார் பதக்கம், தணிக்கை முத்திரை விழுந்த கடிதம் என்று எத்தனையோ கிடக்கும். வீடு மாறும்போதும் இடித்துக் கட்டும்போதும் அவை பழைய பேப்பர் கடைக்குப் போய்விடுகின்றன. அசலை வாங்க வேண்டியதில்லை. நூலகத்தில் ஒரு ஸ்கேனரும், பொறுமையாகக் கேட்டுப் பதிவுசெய்ய இரண்டு பேரும் போதும்.

அடுத்தது, இருக்கும் ஆவணங்களைத் தமிழ் வாசகர் பக்கம் கொண்டுவருவது. இந்தியக் கடற்படையின் 1939-45 கால அதிகாரபூர்வ வரலாற்றை கேப்டன் டி.ஜே.ஈ. காலின்ஸ் எழுதி 1964-இல் வெளியிட்டார்கள். அதில் கடல் போர்ப் பகுதிகளையாவது தமிழில் கொண்டுவரலாம். ஆஸ்திரேலியக் கப்பல்களின் மாதாந்திர அறிக்கைகளை அந்நாட்டுப் போர் நினைவகம் இணையத்தில் வைத்திருக்கிறது. ஜம்னாவோடு பயணித்த கப்பல்களின் நாட்குறிப்பைக் கோட்டூர்புரத்தில் உட்கார்ந்தே படிக்க முடியும். அதற்கு ஈடான இந்தியக் குறிப்புகளை டெல்லியின் தேசிய ஆவணக் காப்பகத்திடமிருந்தும் கடற்படையின் வரலாற்றுப் பிரிவிடமிருந்தும் கேட்டுப் பெறும் பொறுப்பைத் தமிழக அரசு ஏற்க வேண்டும். அந்தக் கோரிக்கையை ஐ.என்.எஸ். அடையாறு முன்மொழிந்தால் வேலை விரைவாக நடக்கும்.

இன்னொன்று, பெயர்கள். இரண்டாம் உலகப் போரில் கடலில் மாண்டு, கல்லறையே இல்லாமல்போன இந்தியக் கடற்படை, வணிகக் கப்பல் மாலுமிகள் 6,000-க்கும் மேற்பட்டோரின் பெயர்கள் இரண்டு பேரேடுகளில் எழுதிவைக்கப்பட்டிருக்கின்றன. ஒன்று மும்பையின் இந்திய மாலுமிகள் இல்லத்தில், மற்றொன்று சிட்டகாங் போர்க் கல்லறையில். நந்தம்பாக்கம் போர்க் கல்லறையில் தரையில் புதைக்கப்பட்டவர்களுக்குக் கல் இருக்கிறது. கடலில் போனவர்களைத் தேடி மதுரையிலிருந்தோ நாகப்பட்டினத்திலிருந்தோ வரும் பேரப்பிள்ளைக்குச் சென்னையில் பார்க்க ஒன்றும் இல்லை. பேரேட்டுப் பெயர்கள் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் இருக்கின்றன. பலவற்றில் தந்தை பெயரும் ஊர்ப் பெயரும்கூட உண்டு. அன்றைய சென்னை மாகாணத்து ஊர்களை அதிலிருந்து பிரித்தெடுத்து, ஆங்கில எழுத்துக்கூட்டலில் உருமாறிக் கிடக்கும் பெயர்களை அந்தந்த ஊரில் விசாரித்துத் திருத்தி, தமிழில் பதிய வேண்டும். மாநிலக் கல்லூரி, பச்சையப்பன் கல்லூரி வரலாற்றுத் துறை மாணவர்களுக்கு அதை ஒரு பருவத்தின் களப்பணியாகக் கொடுக்கலாம். அப்படி அச்சாகும் பட்டியலின் முதல் படி கோட்டூர்புரம் நூலகத்தின் தரைத்தளத்தில், வருகிற எவரும் உறுப்பினர் அட்டை இல்லாமல் புரட்டிப் பார்க்கும்படி இருக்க வேண்டும்.